சுவரில் இருப்பவர்களும் சுவரைக் கட்டியவர்களும்

மலேசியாவில், பினாங்குத் தீவின் கார்ன்வாலிஸ் கோட்டையில் பிரான்சிஸ் லைட்டின் வெண்கலச் சிலை நிற்கிறது. 1786 ஆகஸ்ட் 11-ஆம் நாள் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் இத்தீவில் கொடியேற்றி, மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பெயரை நகரத்துக்குச் சூட்டியவர் அவர். எட்டே ஆண்டுகளில், 1794-இல், மலேரியாக் காய்ச்சலில் இறந்துபோனார். 1936-இல் சிலை வார்க்கும் வேளை வந்தபோது அவர் முகத்தைக் காட்டும் படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத்தைத் திட்டமிட்ட வில்லியம் லைட் அவருடைய மகன். அந்த மகனின் சாயலை வைத்துத் தந்தைக்கு முகம் செய்தார்கள்.

நகரத்தை நிறுவியவருக்கே இந்த நிலை என்றால், செங்கல் சுமந்தவர்களுக்கும், கப்பலிலிருந்து மூட்டை இறக்கியவர்களுக்கும், சுண்ணாம்பு குழைத்தவர்களுக்கும் முகம் எங்கே இருக்கும்? ஜார்ஜ் டவுன் தெருக்களில் நடந்த நேரமெல்லாம் இந்தக் கேள்வி என்னோடு வந்தது.

ஊர் பெரிதல்ல. 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த மையப்பகுதி ஏறத்தாழ 109 ஹெக்டேர். காலில் தெம்பிருந்தால் வண்டியே வேண்டாம். இரண்டு மாடிக் கடைவீடுகள் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நிற்கின்றன. கீழே கடை, மேலே குடித்தனம். வீட்டு முகப்பின் கீழேயே நடைபாதை போகிறது. ஐந்தடி அகலம் விட வேண்டும் என்று அந்தக் காலத்தில் வந்த விதி. இங்கத்துத் தமிழர்கள் அதை ‘அஞ்சடி’ என்கிறார்கள். வெயிலுக்கும் மழைக்கும் இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை. நம் ஊர்த் திண்ணைகளை இடித்துத் தள்ளிய நமக்கு இதன் அருமை உடனே புரியும்.

ஆர்மீனியன் தெருவில் கூட்டம் எப்போதும் ஒரே சுவரின் முன்தான். லிதுவேனியாவைச் சேர்ந்த எர்னஸ்ட் சகாரெவிச் என்ற இளைஞர் 2012-இல் ஜார்ஜ் டவுன் கலைவிழாவுக்காக வரைந்த ஓவியம் அது. அக்கா சைக்கிள் ஓட்டுகிறாள். பின்னால் தம்பி அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு வாயெல்லாம் சிரிப்பாக இருக்கிறான். பிள்ளைகள் சாயம், சைக்கிள் நிஜம். பழைய மிதிவண்டி ஒன்றைச் சுவரோடு பொருத்தியிருக்கிறார். ஆ குவீ தெருவில் இதே போல நிஜ மோட்டார் சைக்கிளின் மேல் வரைந்த பையன் உட்கார்ந்து திரும்பிப் பார்க்கிறான். கேனன் தெருவில் ஒரு சிறுவன் நாற்காலி மேல் ஏறி எட்டிப் பிடிக்க முயல்கிறான். அங்கே நாற்காலி நிஜம்.

இந்த ஓவியங்களைப் படத்தில் எத்தனையோ முறை பார்த்திருந்தாலும் நேரில் பார்க்கும்போதுதான் அவற்றின் பலம் தெரிகிறது. சகாரெவிச் சுவரை முழுக்கப் பூசி மறைக்கவில்லை. காரை உதிர்ந்த இடம், பாசி ஏறிய இடம், பல காலத்துச் சாயங்கள் அடுக்கடுக்காகத் தெரியும் இடம் எல்லாவற்றையும் அப்படியே விட்டு, பிள்ளைகளை மட்டும் வரைந்திருக்கிறார். பிள்ளைகள் அந்த வீட்டிலிருந்து இப்போதுதான் வெளியே வந்தவர்கள் என்று தோன்றுகிறது. பழைய கட்டடத்தை எப்படி மதிப்பது என்பதற்கு அது நல்ல பாடம். பின்னால் வந்த ஓவியர்கள் பலர் இதைப் படிக்கவில்லை. சாயம் பளபளக்க, சுவரையே காணாமல் அடித்த ஓவியங்களும் இப்போது நிறைய இருக்கின்றன. அவற்றின் முன் நான் நிற்கவில்லை.

என்னைக் கூடுதலாக நிற்க வைத்தவை இரும்புக் கம்பிச் சித்திரங்கள். மாநில அரசு வைத்த போட்டியில் வென்று, கோலாலம்பூரின் ஸ்கல்ப்சர் அட் வொர்க் என்ற நிறுவனம் செய்தவை, மொத்தம் 52. கறுப்புக் கம்பியைக் கோடு இழுத்தாற்போல வளைத்து, கேலிச்சித்திர பாணியில் மனிதர்களைச் செய்து சுவரில் மாட்டியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் அந்தந்தத் தெருவில் என்ன தொழில் நடந்தது, என்ன கதை உலவியது என்று சொல்கிறது. மன்ட்ரி தெருவில் ஒருவர் காலணி செய்து கொண்டிருக்கிறார். உலகப் புகழ் பெற்ற காலணிக் கலைஞர் ஜிம்மி சூ இத்தெருவில்தான் தொழில் பழகினார் என்பதற்கான சித்திரம் அது. அரசர்களும் ஆளுநர்களும் இந்தக் கம்பிகளில் இல்லை. தள்ளுவண்டிக்காரர், ரிக்‌ஷாக்காரர் என்று தெருவில் வாழ்ந்தவர்கள்தான் இருக்கிறார்கள். ஒரு நகரம் தன் வரலாற்றைச் சுவரில் எழுத நினைத்தால் இப்படித்தான் எழுத வேண்டும்.

வரைந்த பிள்ளைகளைச் சுற்றி இத்தனை கூட்டம். வாழும் பிள்ளைகள் எங்கே? இரவு எட்டு மணிக்கு மேல் அதே தெருக்களில் நடந்தால் இந்தக் கேள்வி வரும். மாடி ஜன்னல்கள் பல இருட்டாக இருக்கின்றன. கீழே காபிக் கடை, நினைவுப்பொருள் கடை, விடுதி. இதற்கு ஒரு சட்ட வரலாறு இருக்கிறது. மலேசியாவில் 1966-இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முந்திய கட்டடங்களில் குடியிருந்தவர்கள் பழைய வாடகையிலேயே தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். வீட்டுக்காரருக்கு வருமானம் இல்லாததால் பழுது பார்க்கவில்லை. இடித்துக் கட்டவும் வழியில்லை. ஜார்ஜ் டவுன் இடிபடாமல் பிழைத்ததற்கு இது முக்கியமான காரணம். 2000 தொடங்கியபோது அந்தச் சட்டம் முடிவுக்கு வந்தது. வாடகை ஏறியது, கொல்லரும் கூடை முடைபவரும் தையற்காரரும் குடும்பத்தோடு வெளியேறினார்கள். எட்டு ஆண்டுகள் கழித்து யுனெஸ்கோ பட்டம் வந்தது. யாருடைய வாழ்வுக்காக அந்தப் பட்டம் கிடைத்ததோ அவர்களில் பலர் அதற்குள் ஊரைவிட்டுப் போயிருந்தார்கள்.

மாறாக, இன்னும் குடும்பங்கள் வாழும் இடம் கடலோரத்துக் குலத் துறைகள். கடலுக்குள் மரக்கால்கள் ஊன்றி, பலகை பரப்பி, அதன்மேல் வீடுகள். ஃபூஜியான் கடற்கரையிலிருந்து வந்த சீனத் தொழிலாளர்கள் குலத்துக்கு ஒரு துறையாகக் கட்டிக்கொண்டார்கள்: லிம், சியூ, டான், லீ, இயோ. நிலத்தில் நிற்காத வீட்டுக்கு நிலவரி இல்லை. சியூ துறைதான் பெரியது, கூட்டமும் அங்கேதான். பலகைப் பாதையின் இருபக்கமும் வீட்டு வாசல்களில் படம் எடுக்க வேண்டாம் என்ற அறிவிப்புகள் தொங்குகின்றன. வாசலில் உட்கார்ந்து காய் நறுக்கும் பாட்டியை யாரோ கேட்காமல் படம் எடுக்க, அவர் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அவர் செய்தது சரி. அது அவர் வீடு. இங்கேயும் சகாரெவிச் படகில் இரண்டு பிள்ளைகளை வரைந்தார். உப்புக்காற்று அந்தச் சாயத்தை வெகு சீக்கிரம் தின்றுவிட்டது. கூடத்தில் சாமி படத்துக்கு முன் எரியும் சிவப்பு விளக்குகள் மட்டும் வீட்டுக்கு வீடு அப்படியே இருக்கின்றன.

பெரிய வீடுகளையும் சொல்ல வேண்டும். கூ கோங்சி என்ற சீனக் குலமன்றம், கூ குலத்தாருக்குக் கோயிலும் சபையும் ஆனது. 1901-இல் கட்டி முடித்த கையோடு எரிந்துபோனது. பேரரசரின் அரண்மனையைப் போல ஆடம்பரமாகக் கட்டியதால் தெய்வம் பொறுக்கவில்லை என்று குலத்தார் நம்பினார்கள். அளவைக் குறைத்து 1906-இல் மீண்டும் கட்டினார்கள். குறைத்துக் கட்டியதே இப்படி இருக்கிறது! கூரை முகட்டில் பீங்கான் துண்டுகளை ஒட்டிச் செய்த டிராகன்கள், உத்திரத்தில் தங்கத் தகடு பதித்த செதுக்கல்கள், கல்லில் குடைந்தெடுத்த கதைகள் என்று எங்கே பார்ப்பது என்று கண் திகைக்கிறது. ஆனால் நான் அதிக நேரம் பார்த்தது முன்மண்டபத்தில் நிற்கும் தலைப்பாகைக்காரரை. சீனர்களின் குலமன்றத்து வாசலில் கல்லில் வடித்த சீக்கியக் காவலர். பணக்காரச் சீனர்கள் அந்நாளில் சீக்கியர்களைக் காவலுக்கு வைத்துக்கொண்டார்கள். அந்த நன்றியோ பெருமையோ கல்லாகி நிற்கிறது. உழைப்பாளியின் உருவத்தைத் தெய்வத்தோடு ஒரே கூரைக்குள் வைத்த குலத்தாரைக் கும்பிடத் தோன்றியது.

சர்ச் தெருவில் பச்சை நிறத்துப் பெரனாக்கான் மாளிகை (மலாய்ப் பண்பாட்டோடு கலந்த சீனர்கள் பெரனாக்கான்கள்) இப்போது அருங்காட்சியகம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ‘காப்பித்தான்’, அதாவது சமூகத் தலைவர், சுங் கெங் குவீ கட்டியது. முத்துச்சிப்பி பதித்த நாற்காலிகள், மணி கோத்த செருப்புகள், வண்ணக் கண்ணாடிகள். அழகுக்குக் குறைவில்லை, பார்த்து முடித்து வெளியே வந்ததும் எதுவும் மனதில் தங்கவில்லை. லீத் தெருவின் நீல மாளிகை அப்படியில்லை. சியோங் ஃபாட் சே என்ற பெருவணிகரின் வீடு. முப்பத்தெட்டு அறைகள், ஐந்து முற்றங்கள். 1989-இல் இடிபடும் நிலையிலிருந்து உள்ளூர் ஆர்வலர்கள் வாங்கி மீட்டார்கள். வெளிச்சுவரின் நீலம், சுண்ணாம்பில் அவுரிச் சாயம் கலந்து அடித்தது. சுண்ணாம்புப் பூச்சு சுவரை மூச்சுவிட விடும். உள்ளே ஏறிய ஈரம் வெளியேறிவிடும். இந்த ஊர் மழைக்கு அதுதான் சரி. அந்த அவுரி இந்தியாவிலிருந்து போனது. அவுரியைத் தொட்டியில் ஊறவைத்து மிதித்துச் சாயம் எடுத்தவர்களின் கால்கள் நீலமாகியிருக்கும். மாளிகையின் நிறம் அவர்கள் கொடுத்தது.

படிக் ஓவியத்துக்கும் பினாங்குக்கும் உறவு உண்டு. துணியில் மெழுகால் கோடிட்டுச் சாயத்தில் தோய்த்தால் மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. சேலைக்கும் கைலிக்கும் மட்டும் பயன்பட்ட இந்த முறையை 1950-களில் ஓவியக் கலையாக மாற்றியவர் பினாங்கில் வாழ்ந்த சுவா தியென் தெங். ஆர்மீனியன் தெருவில் இதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. சைக்கிள் பிள்ளைகளின் கூட்டத்திலிருந்து சில அடி தள்ளி, அமைதியாக, ஆளில்லாமல். நுழைவுக் கட்டணம் கொடுத்துப் போக வேண்டிய இடங்களில் ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். மெழுகு விரிசல் விட்ட இடத்தில் சாயம் கசிந்து நரம்பு நரம்பாக ஓடியிருப்பதை அசல் துணியில்தான் பார்க்க முடியும். இன்றைய ஓவியர்களைப் பார்க்க வேண்டுமானால் பழைய பேருந்துப் பணிமனை ஒன்று, ஹின் பஸ் டிப்போ, 2014 முதல் கலைக்கூடமாக இருக்கிறது. அதன் முதல் கண்காட்சி சகாரெவிச்சினுடையது. கூரை போன பகுதியில் புல் வளர்ந்திருக்க, சுற்றுச் சுவரெல்லாம் ஓவியம். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் உள்ளூர்ப் பிள்ளைகள் ஓடி விளையாடுவதைப் பார்க்கலாம்.

இனி நம்மவர்கள்.

மார்க்கெட் தெரு, பினாங்குத் தெரு, குயின் தெரு, கிங் தெரு ஆகியவை சேர்ந்ததுதான் லிட்டில் இந்தியா. காலையில் மல்லிகை வாசனை, மசாலா அரைக்கும் வாசனை, ஒலிபெருக்கியில் பழைய பாட்டு. குயின் தெருவில் மகாமாரியம்மன் கோயில், 1833-இல் கோயிலாக எழுந்தது. கோபுரத்தை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்த என்னை வாசலில் பூக்கட்டிக் கொண்டிருந்த அம்மா கூப்பிட்டார்.

“பசியாறிட்டீங்களா தம்பி? ஊர்லேர்ந்து வந்தீங்களா?”

“ஆமாம்மா, மதுரைப் பக்கம். நீங்க இந்தத் தெருதானா?”

“பொறந்தது இதே தெரு. அந்தக் கடைக்கு மேல்மாடி எங்க வீடு. எங்கப்பாவுக்கு துறைமுகத்துல வேலை. வாடகை ஏத்துனப்ப எல்லாரும் அந்தாண்டப் போயிட்டோம். இப்ப பட்டர்வொர்த். விடிகாலைல பெர்ரி புடிச்சு வர்றேன். அம்மாவுக்குப் பூ நான்தானே கட்டணும்.”

அவர் அம்மா என்றது உள்ளே இருப்பவளை. கடல் தாண்டிப் போன பிறகும் தன் தெருவுக்கு விடியலில் வந்து மாலையில் திரும்பும் இவரைப் போன்றவர்களால்தான் அந்தத் தெரு இன்னும் தெருவாக இருக்கிறது. கூலியாகவும் படகோட்டியாகவும் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே சரக்கேற்றியவர்கள் தமிழர்கள். ரஷ்ய ஓவியர் ஜூலியா வோல்ச்கோவா இந்நகரச் சுவர் ஒன்றில் இந்தியப் படகோட்டி ஒருவரைப் பெரிதாக வரைந்திருக்கிறார். முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும் தெரிகிறது. அந்த அம்மாவின் தகப்பனாரும் இப்படித்தான் இருந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

சூலியா தெருவுக்கு வந்தால் நாகூர் தர்கா. நாகூர் ஆண்டவர் ஷாகுல் ஹமீது நினைவாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தமிழ் முஸ்லிம்கள் கட்டியது. ஆண்டவர் அடங்கியிருப்பது நாகூரில். கடலில் போகிறவர்களுக்குத் துணை என்று நம்பியதால், கரை சேர்ந்த இடத்திலும் அவருக்கு ஓர் இடம் வைத்தார்கள். சின்னக் கட்டடம். கொஞ்ச தூரத்தில் காப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். பரங்கிப்பேட்டையிலிருந்து வந்து இங்கே தமிழ் முஸ்லிம்களுக்குத் தலைவராக இருந்த காதர் முகைதீன் 1801-இல் நிறுவினார். கம்பெனியிடம் நிலம் வாங்கி, இந்தியாவிலிருந்து கொத்தனார்களையும் பொருள்களையும் வரவழைத்துக் கட்டினார். இன்று காணும் குவிமாடங்கள் இருபதாம் நூற்றாண்டில் சேர்ந்தவை. பரங்கிப்பேட்டையில் எத்தனை பேருக்கு இந்தப் பள்ளிவாசல் தெரியும் என்று தெரிந்துகொள்ள ஆசை. தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடி போலச் சோற்றையும் குழம்பையும் சுமந்து துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றதுதான் இன்று மலேசியா முழுவதும் கொண்டாடும் நாசி கந்தார். கேம்பெல் தெருவின் ஹமீதியா உணவகம் 1907 முதல் நடக்கிறது. வரிசை நீளம்தான், நின்று சாப்பிடுங்கள்.

அங்கிருந்து வடக்கே நடந்தால் வெள்ளை வெளேரென்று செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். உருண்ட தூண்கள், முக்கோண முகப்பு, மேலே கூர்கோபுரம். தென்கிழக்கு ஆசியாவின் மிகப் பழைய ஆங்கிலிகன் தேவாலயம் என்று சொல்வார்கள். 1818-இல் கட்டி முடித்தார்கள். கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து தீவுக்கு நாடு கடத்தப்பட்ட கைதிகள். பினாங்கின் தொடக்ககாலச் சாலைகளிலும் அவர்களின் உழைப்பு கிடக்கிறது. முற்றத்து மண்டபம் லைட்டின் நினைவாக 1886-இல் எழுந்தது. கைதிகளுக்கு மண்டபம் இல்லை.

அந்த 1818 என்னை அங்கேயே உட்கார வைத்துவிட்டது. காரணம் சிவகங்கைக்காரர்களுக்குத் தெரியும். 1801 அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கம்பெனி, சின்ன மருதுவின் மகன் துரைசாமியை உயிரோடு விட்டது. அப்போது அவன் பதின்வயதுப் பையன். 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியில் எழுபதுக்கும் மேற்பட்ட போராளிகளோடு கப்பலேற்றி, வேல்ஸ் இளவரசர் தீவுக்கு அனுப்பினார்கள். அந்நாளில் பினாங்குக்கு அதுதான் பெயர். கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனிப் படை அதிகாரி சின்ன மருதுவோடு பழகியவர்; வளரி எறியவும் ஈட்டி வீசவும் அவரிடம் கற்றவர்; பிறகு அவருக்கு எதிராகவே போருக்குப் போனவர். அவர் 1818-இல் பினாங்கு வந்தார். தளர்ந்து உருக்குலைந்த ஒரு கிழவர் அவர் முன் வந்து நின்றார். யார் என்று கேட்டால், துரைசாமி. வயது முப்பதை ஒட்டித்தான் இருந்திருக்கும். பதினாறு ஆண்டுகள் அந்த உடலை அப்படி ஆக்கியிருந்தன. 1830-இல் அச்சான தன் நினைவுக்குறிப்புகளில் வெல்ஷ் இதை எழுதியிருக்கிறார்.

துரைசாமி இந்தத் தேவாலயத்துக்குக் கல் சுமந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இந்தத் தூண்கள் எழுந்துகொண்டிருந்த அதே காலத்தில், அதே சிறிய ஊரில், சிவகங்கைச் சீமையின் பிள்ளை ஒருவன் முதுமை முந்திக்கொண்டு நடமாடியிருக்கிறான். அவனோடு வந்தவர்களின் காலடி பட்ட மண் இது. ஆண்டுதோறும் அக்டோபரில் மருது பாண்டியருக்கு மாலை போடும் நாம், கடல் கடத்தப்பட்ட அந்த எழுபதுக்கும் மேற்பட்டோரை நினைக்கிறோமா? ஜார்ஜ் டவுனின் சுவர்களில் இடத்துக்குப் பஞ்சமில்லை. அவர்களுக்கு ஒரு சித்திரம் வேண்டும். சிவகங்கையிலும் வேண்டும். தமிழ்நாட்டு அரசும் பினாங்கு மாநில அரசும் சேர்ந்து செய்யக்கூடிய சிறிய காரியம் இது. செய்தே ஆக வேண்டிய காரியமும் கூட.

2024 டிசம்பரில் சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானம் தொடங்கியது. நம்மில் இன்னும் பலர் போவார்கள். போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். சைக்கிள் பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள், நல்ல ஓவியம்தான். அதற்கு முன் ஒரு காலைப் பொழுதை ஒதுக்குங்கள். செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் தொடங்கித் தெற்கே நடங்கள். குவான் யின் சீனக் கோயில், மாரியம்மன் கோயில், காப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், நாகூர் தர்கா, கூ கோங்சி எல்லாம் ஒரு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். பூக்கடையில் பூ வாங்குங்கள். விற்பவரிடம் எந்தத் தெரு, எந்த ஊர் என்று கேளுங்கள். கேட்க ஆளில்லாமல் அவர்களிடம் நிறையக் கதைகள் இருக்கின்றன.